ஒரு வகுப்பில் ஸ்மார்ட் போர்டு தினமும் ஓடுது, பக்கத்து வகுப்பில் துணி போர்த்திக் கிடக்குது. ஏன்?

பீரியடு_மணி (இழையைத் தொடங்கியவர்)

ஒரே பள்ளி, ஒரே மாடல் போர்டு, ஒரே நாள் பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு ஆசிரியர் வாரத்துக்கு ஏழெட்டு பீரியடு அதில் எடுக்கிறார். அடுத்த அறையில் அதே போர்டின் மேல் துணி, துணியின் மேல் டைம்டேபிள்.

"வயசானவங்க மாற மாட்டாங்க" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கிறவர்கள்கூட வாட்ஸ்அப்பில் வகுப்புக் குழு நடத்துகிறார்கள், போனில் பில் கட்டுகிறார்கள், எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளம்) வருகை போடுகிறார்கள். கற்றுக்கொள்ள முடியாமல் இல்லை. அப்படியானால் ஒரு கருவியை எடுத்துக்கொள்வதும் இன்னொன்றை ஓரங்கட்டுவதும் எதை வைத்து நடக்கிறது? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. காரணம் தெரிய வேண்டும். வன்பொருள், பாடம், நிர்வாகம் எந்தப் பக்கத்திலிருந்தும் எழுதலாம்.

---

ஆய்வுமேசை

இதில் பழைய சட்டகம் ஒன்று இருக்கிறது, இன்னமும் உதவும். 1989இல் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. ஒருவர் ஒரு கருவியைப் பயன்படுத்துவாரா என்பதை இரண்டு எண்ணங்கள் தீர்மானிக்கின்றன என்றார். ஒன்று, இது என் வேலைக்கு உதவும். மற்றது, இதைக் கையாள்வது சிரமமில்லை. அவர் தரவுகளில் முதலாவதே கனமாக இருந்தது. உதவும் என்று தெரிந்தால் கொஞ்சம் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். உதவாது என்றால், எவ்வளவு சுலபமாக இருந்தாலும் தொட மாட்டார்கள்.

அலுவலக ஊழியர்களை வைத்துக் கட்டிய மாதிரி அது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு கேள்வி சேர்ந்துகொள்கிறது: யாருக்கு உதவும்? துறைக்கு உதவுகிற கருவி, பெற்றோருக்குக் காட்ட உதவுகிற கருவி, மாணவனுக்கு உதவுகிற கருவி, ஆசிரியரின் கையிலுள்ள வேலையைக் குறைக்கிற கருவி. நாலும் வேறு வேறு. கடைசி இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் யாரும் சொல்லாமலே புழக்கம் வருகிறது.

---

தொடக்கநிலை_டீச்சர்

ஆய்வுமேசை சார் சொன்னதை ஸ்டாஃப் ரூம் பாஷையில் சொன்னால்: நாமாகத் தேடிப் போனது ஒரு வகை, தலையில் இறக்கி வைத்தது இன்னொரு வகை.

தேடிப் போனவை: வாட்ஸ்அப், போனிலேயே ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குவது, தமிழில் பேசினால் தட்டச்சாகும் வசதி. மூன்றுக்கும் யாரும் பயிற்சி வைக்கவில்லை, சுற்றறிக்கை வரவில்லை. இப்போது வினாத்தாள் தயாரிக்க ஏஐ செயலிகளை எடுப்பதும் அப்படித்தான் பரவுகிறது. ஒருவர் பண்ணுவதைப் பக்கத்து மேசைக்காரர் பார்க்கிறார், அன்று சாயங்காலமே அவர் போனிலும் ஏறிவிடுகிறது.

இறக்கி வைத்தவற்றில் பெரும்பாலானவை பதிவேற்றும் வேலை. எண்ணும் எழுத்தும் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதை மனதாரப் பாராட்டுகிற டீச்சர்கள் நிறைய. அட்டை, பாட்டு, செயல்பாடு எல்லாம் வகுப்பில் எடுபடுகிறது. அதே டீச்சர்கள் செயலியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பீடு ஏற்றச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். 30 பிள்ளை, ஒருவருக்கு 4 நிமிடம் என்றாலே 2 மணி நேரம். அந்த நேரம் மற்ற 29 பேரும் என்ன செய்வார்கள்? ஒரே திட்டத்தில் பாதிக்கு வரவேற்பு, பாதிக்குப் பெருமூச்சு. இதைத் "தொழில்நுட்ப எதிர்ப்பு" என்று எழுதிவிட்டால் ஆய்வறிக்கை முடிந்துவிடும், காரணம் அங்கேயே கிடக்கும்.

---

மின்னிணைப்பு

பாடத்தைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். நான் நிமிடக் கணக்கு மட்டும் வைக்கிறேன், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

பீரியடு 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிக்கொண்டு போகிற புரொஜெக்டர் என்றால்: ஹெச்.எம். அறையில் சாவி வாங்கிப் பெட்டியை எடுக்க 3 நிமிடம், வகுப்பில் மேசை நகர்த்தி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்க 3, லேப்டாப் கிளம்ப 2, ஹெச்டிஎம்ஐ மாட்டிப் படம் வரவழைக்க 1 முதல் 5 வரை, ஜன்னலை அடைத்து ஃபோகஸ் பண்ண 2. முடித்த பிறகு விளக்கு ஆறும்வரை நின்று எடுத்து வைக்க 4. மொத்தம் 15 நிமிடத்துக்குக் குறையாது. மீதி 25. அதே பாடம் கரும்பலகையில் 30 நிமிடத்தில் முடியும் என்றால் எந்த ஆசிரியர் புரொஜெக்டரை எடுப்பார்? எடுக்காதவர் சோம்பேறி இல்லை, கணக்குத் தெரிந்தவர்.

சுவரில் நிரந்தரமாக மாட்டிய பேனலில் (தொட்டு இயக்கும் பெரிய திரை) இந்தப் 15 நிமிடம் 1 அல்லது 2 ஆகிவிடுகிறது. அதனால்தான் "வகுப்பிலேயே இருப்பதா, எடுத்துவர வேண்டியதா" என்ற ஒன்றே புழக்கத்தை இவ்வளவு மாற்றுகிறது. ஹைடெக் லேப் மாடியில், வகுப்பு கீழே என்றால் 40 பிள்ளைகளை வரிசையில் நடத்திப் போகவும் வரவும் 10 நிமிடம். ஆகவே லேபுக்கு வாரம் ஒரு முறை, அதுவும் டைம்டேபிளில் போட்டிருந்தால்.

அடுத்தது கரண்ட். 65 முதல் 75 அங்குலப் பேனல் சுமாராக 150 முதல் 300 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி ஒன்றும் 850 விஏ இன்வெர்ட்டரும் இருந்தால்: 12 × 150 = 1800 வாட்-மணி. முழுவதும் உறிஞ்ச முடியாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் போகும். கைக்கு 1100 வரும் என்று வையுங்கள். 250 வாட் பேனல் 4 மணி நேரம் ஓடும். பேட்டரி புதிதாக இருக்கும்வரை, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்வரை. மூன்று வருஷப் பேட்டரியில் இது ஒன்றரை மணிக்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. பேனலுக்குப் பட்ஜெட் உண்டு, மாற்றுப் பேட்டரிக்கு உண்டா என்று கேளுங்கள், சத்தம் அடங்கிவிடும்.

---

கணக்கு_வாத்தியார்

மின்னிணைப்பு சாரின் கணக்கை அப்படியே ஏற்கிறேன், ஆனால் அதில் எதிர்ப்பக்கமும் உண்டு. சில இடங்களில் கருவி நிமிடத்தைத் திருப்பித் தருகிறது. அந்த இடம் தெரிந்தவர்தான் தினமும் போர்டைத் தொடுகிறவர்.

பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் இருபடிச் சமன்பாட்டின் தீர்வுகளின் தன்மையை வரைபடம் மூலம் காட்ட வேண்டும். இரண்டு தீர்வு, ஒரே தீர்வு, மெய்த்தீர்வு இல்லை. பலகையில் என்றால் மூன்று வளைவரை, மூன்று அட்டவணை, ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுப் புள்ளி. 25 நிமிடம் போய்விடும், வளைவரையும் கோணல்.

ஜியோஜீப்ராவில் (வரைபடம் வரையும் கணக்கு மென்பொருள்):
உள்ளீட்டுப் பெட்டியில் ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + சி என்று அடியுங்கள். சி-க்கு மதிப்பு இல்லாததால் அதுவே ஒரு ஸ்லைடரை (தள்ளி மதிப்பை மாற்றும் பட்டை) உருவாக்கிவிடும். அதன் எல்லையை 0 முதல் 6, படிநிலை 0.5 என்று மாற்றுங்கள். சி = 3இல் நிறுத்தினால் வளைவரை எக்ஸ் அச்சை 1இலும் 3இலும் வெட்டும். மெதுவாகத் தள்ளுங்கள். இரண்டு புள்ளியும் ஒன்றையொன்று நோக்கி நகரும். சி = 4இல் 2 என்ற இடத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும். 5இல் அச்சை விட்டு மேலே போய்விடும். தன்மைகாட்டி 16 − 4சி என்பதைப் பக்கத்தில் எழுதிவிட்டு, 4, 0, −4 என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். 5 நிமிடம்.

வெட்டும் புள்ளிகள் நகர்ந்து வந்து ஒன்றாவதைச் சாக்பீஸால் காட்டவே முடியாது. நகர்கிற விஷயத்துக்குத்தான் திரை. நகராத விஷயத்துக்குப் பலகை போதும்.

ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை. பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். அதைப் பென்சிலால் கிராஃப் தாளில், அளவுத்திட்டம் எழுதி, கையால் வரைய வேண்டும். எனவே 5 நிமிடத்தில் கருத்துப் புரிந்தாலும், கைப்பழக்கத்துக்கு அடுத்த நாலு பீரியடு எப்படியும் வேண்டும். தேர்வு கேட்பது கையால் வரைந்த வரைபடம் என்றிருக்கும்வரை ஜியோஜீப்ரா ஒரு முன்னுரைதான். பாடநூலிலேயே "இணையச் செயல்பாடு" என்று பக்கம் ஒதுக்கியும் பலர் அதைப் புரட்டிவிட்டுப் போவதற்குக் காரணம் இதுதான். அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வராது.

---

பழைய_சாக்பீஸ்

எல்லாரும் கரும்பலகையை ஏதோ இல்லாதவன் ஆயுதம் மாதிரி பேசுகிறீர்கள். அதன் சிறப்பு என்ன தெரியுமா? எழுதியது நிற்கும். இடது ஓரத்தில் 10 மணிக்கு எழுதிய சூத்திரம் 10:35க்கும் அங்கேயே இருக்கும். திரையில் அடுத்த ஸ்லைடு வந்ததும் முந்தியது மாயம். மெதுவாக எழுதும் பிள்ளை பாதியில் நிற்பான். எழுதும் வேகமும் பிள்ளை பார்த்து எழுதும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. ஸ்லைடின் வேகம் ஆசிரியரின் விரல் வேகம்.

ஹேங் ஆகாது, பாஸ்வேர்டு கேட்காது.

---

கணக்கு_வாத்தியார்

சாக்பீஸ் சார், மறுக்கவில்லை. நன்றாகப் பயன்படுத்துகிறவர்கள் பலகையைக் கழற்றுவதில்லை. பேனல் நடுவில், இரண்டு பக்கமும் பலகை. படம் திரையில், சூத்திரமும் தலைப்பும் பலகையில். பேனலைப் பலகைக்கு மேலேயே மாட்டிப் பலகையை மறைத்துவிட்ட வகுப்புகளில்தான் வெறுப்பு அதிகம். பொருத்த வரும் ஆளிடம் "பலகையின் மையத்தில் வேண்டாம், ஓரமாக" என்று சொல்ல ஒரு ஆசிரியர் அங்கே நிற்க வேண்டும். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

---

ஆய்வுமேசை

ஆசிரியரின் தயக்கத்துக்குப் பின்னால் சில நேரம் நியாயமான தீர்ப்பு இருக்கிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

லீ லிண்டன் 2008இல் வெளியிட்ட குஜராத் ஆய்வைப் பாருங்கள். தொண்டு நிறுவனம் நடத்தும் கியான் சாலா பள்ளிகளில் கணினிவழிக் கணக்குப் பயிற்சி. பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது மதிப்பெண் ஏறியது, சுமார் 0.28 திட்டவிலக்கம் (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் அலகு). அதையே ஆசிரியர் நடத்தும் நேரத்தை வெட்டி வைத்தபோது 0.57 இறங்கியது. மென்பொருள் ஒன்றே. எதற்குப் பதிலாக அது உள்ளே வந்தது என்பதுதான் வித்தியாசம். நன்றாக நடக்கிற வகுப்பை நிறுத்திவிட்டு வீடியோ போடச் சொன்னால் "வேண்டாம்" என்கிற ஆசிரியர் இதை உள்ளுணர்வாகவே சொல்கிறார்.

பெரு நாடு பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று கொடுத்துப் பார்த்தது. 319 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. கருவி கைக்கு வந்தது, பாடத்துக்குள் வரவில்லை.

இன்னொரு முக்கியமான ஆள் தாமஸ் கஸ்கி. 1986லேயே பயிற்சிகளின் வரிசையைத் திருப்பிப் போட்டவர். "முதலில் ஆசிரியரின் மனப்பான்மையை மாற்று, பிறகு பழக்கம் மாறும்" என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கஸ்கி சொன்னது: முதலில் செய்து பார்ப்பார், பிள்ளைகளிடம் மாற்றம் தெரியும், அதன் பிறகுதான் நம்பிக்கை மாறும். எனவே ஊக்க உரைகளால் யாரும் மாறுவதில்லை. பின்பெஞ்சுப் பையன் ஒருவன் "சார், மறுபடி தள்ளுங்க" என்று கேட்ட அன்றுதான் மாற்றம்.

---

தலைமைமேசை

ஒரு விஷயத்தை இங்கே யாரும் சொல்லவில்லை: இருப்புப் பதிவேடு.

அரசு கொடுத்த ஒவ்வொரு பொருளும் ஒரு எண்ணோடு பதிவேட்டில் ஏறுகிறது. பொறுப்பு ஹெச்.எம். பேரில். பொருள் காணாமல் போனால் காவல் நிலையத்தில் புகார், துறைக்கு அறிக்கை, தணிக்கையில் ஆட்சேபணை. மாறுதலில் போகும்போது பொருளை எண்ணி ஒப்படைத்தால்தான் விடுவிப்பு. ஓய்வு பெறுகிறவர் என்றால் நிலுவையில்லாச் சான்று கையில் வரும்வரை தூக்கம் வராது. உடைந்தால் "ஏன் உடைந்தது" என்று விளக்கம். பூட்டியே கிடந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் 12 லேப்டாப்பைப் பிள்ளைகள் கையில் கொடுப்பீர்களா, பீரோவில் வைத்துச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வீர்களா? பல பள்ளிகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கருவிகள் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். ஆசிரியரின் விருப்பம் என்ற பேச்சே சாவி வெளியே வந்த பிறகுதான்.

செய்யக்கூடியது: வழங்கல் பதிவேடு ஒன்று தனியாகப் போடுங்கள். தேதி, பொருள் எண், வாங்கியவர், திருப்பிய நேரம், நிலை, கையெழுத்து. ஆறு கட்டம் போதும். பழுது என்றால் அன்றே எழுத்தில் புகார் அனுப்பி நகலை அதே கோப்பில் வைத்துவிடுங்கள். "பயன்பாட்டில் பழுதானது" என்பதற்குத் தேதியோடு சான்று இருந்தால் தணிக்கையில் பேச இடமிருக்கிறது. சான்று இல்லாததால்தான் பயம்.

---

எல்லை_தாண்டி

தலைமைமேசை சொன்ன பயத்தைக் கேரளத்தில் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. ஐடி@ஸ்கூல் 2001இல் தொடங்கியது, 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. 2018இல் ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 8 முதல் 12 வரை 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் போயின. கருவிகளை உத்தரவாதம், காப்பீடு, புகார் சொல்ல ஒரே வலைவாசல் என்று சேர்த்தே வாங்கினார்கள். பழுது வந்தால் யாரிடம் சொல்வது என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. பயிற்சி கொடுத்தவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை, அதே பாடம் எடுக்கும் ஆசிரியர்கள். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு ஆசிரியர் ஐடி ஒருங்கிணைப்பாளர். எல்லா இடத்திலும் ஒரே லினக்ஸ் இயங்குதளம், ஒரே மென்பொருள் தொகுப்பு. வேறு பள்ளிக்கு மாறுதலில் போனாலும் திரை அதேதான். ஐடி ஒரு பாடமாகவே எஸ்எஸ்எல்சியில் தேர்வுக்கு வந்தது. கணக்கு_வாத்தியார் சொன்ன "அதிலிருந்து கேள்வி வராது" என்ற சிக்கல் அங்கே அந்த வகையில் தீர்ந்தது.

அங்கேயும் எல்லாரும் தினமும் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

---

எழுத்துரு_பித்து

தமிழ்வழி ஆசிரியருக்கு மட்டும் ஒரு தனி இடைஞ்சல் உண்டு, ஆங்கில ஆய்வுகளில் அது வராது.

பழைய வினாத்தாள், குறிப்பு எல்லாம் வானவில், பாமினி மாதிரி எழுத்துருக்களில் கிடக்கின்றன. புதுக் கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகவோ ஆங்கில எழுத்துக் குப்பையாகவோ தெரியும். 2010லேயே தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் (எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிவதற்கான எழுத்துக் குறியாக்க முறைகள்) தரமாக ஏற்றுவிட்டது, ஆனால் பத்து வருஷமாகச் சேர்த்த வினா வங்கி தானாக மாறாது. சில பிடிஎஃப்களில் தமிழ் வரியை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி வரும். அதை வைத்து ஒரு வினாத்தாள் பண்ணுவதற்குள் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்துவிடலாம்.

தீர்வு கஷ்டமில்லை. பழைய கோப்பை எந்த எழுத்துரு என்று முதலில் கண்டுபிடியுங்கள் (வேர்டில் அந்த வரியைத் தெரிவு செய்தால் மேலே பெயர் தெரியும்). மாற்றி மென்பொருளில் அதே பெயரைக் கொடுத்து யூனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு ஒ, ஓ, கொம்புகள், ஸ்ரீ, எண்களை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்; பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். கணக்குச் சமன்பாடுகளை மாற்றியில் போடாதீர்கள், குறியீடுகள் எழுத்தாகிவிடும்.

டீச்சர் சொன்ன குரல்வழித் தட்டச்சு இவ்வளவு வேகமாகப் பரவியதற்கும் காரணம் இதுவே. விசைப்பலகை மனப்பாடம் வேண்டாம், வருவது நேரே யூனிகோடு. ஒற்று மிகும் இடம் மட்டும் நீங்களே போட வேண்டும். தமிழாசிரியர்கள் அதைத் திருத்திக்கொண்டே திட்டுவது தனிக்கதை.

---

பீரியடு_மணி

நல்ல தகவல்கள். ஒன்று கேட்க வேண்டும். ஒரே நாள் பயிற்சியில் 80 பேர் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். அதில் என்ன மாற்றினால் துணி விலகும்?

---

ஆய்வுமேசை

1970களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜீன் ஹால் குழுவினர் கட்டிய ஒரு வரிசை இருக்கிறது. புதியதை எதிர்கொள்ளும் ஆசிரியரின் கவலை முதலில் தன்னைப் பற்றியது: "பிள்ளைகள் முன்னால் தடுமாறினால்?" பிறகு வேலையைப் பற்றியது: "இதற்கு எப்போது நேரம்?" அதன் பிறகுதான் விளைவைப் பற்றியது: "பிள்ளைக்கு நன்றாகப் புரிகிறதா?" நம் பயிற்சிகள் மூன்றாம் கட்டத்தில் ஆரம்பிக்கின்றன. "21ஆம் நூற்றாண்டுத் திறன்கள்" என்று முதல் ஸ்லைடு ஓடும்போது கேட்பவர் மனதில் "ஆன் பண்ற பட்டன் எங்கே" என்று ஓடிக்கொண்டிருக்கும்.

---

மின்னிணைப்பு

அதனால் பயிற்சியின் முதல் அரை மணியைத் தோல்விக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தன் கையால் செய்ய வேண்டியவை:

படம் வரவில்லை: பேனலில் சோர்ஸ் மாறியிருக்கிறதா, ஹெச்டிஎம்ஐ 1க்குப் பதில் 2இல் நிற்கிறதா பார். லேப்டாப்பில் விண்டோஸ் விசையும் பி-யும் சேர்த்து அழுத்தி டூப்ளிகேட் தேர்ந்தெடு.
சத்தம் வரவில்லை: லேப்டாப்பின் ஒலி வெளியீடு ஹெச்டிஎம்ஐக்குப் போகிறதா, ஸ்பீக்கருக்குப் போகிறதா.
எழுதினால் கோடு தள்ளி விழுகிறது: புரொஜெக்டர் வகைப் போர்டு என்றால் யாரோ புரொஜெக்டரை இடித்திருக்கிறார்கள். கேலிபிரேஷன் திறந்து, காட்டும் புள்ளிகளைப் பேனாவால் வரிசையாகத் தொடு. ரெண்டு நிமிட வேலை.
எதுவுமே நகரவில்லை: பவர் பட்டனை அணையும்வரை அழுத்தி, அரை நிமிடம் விட்டு மறுபடி போடு. அதுவரை பலகையில் நடத்து.

கடைசி வரிதான் முக்கியம். "90 விநாடிக்குள் சரியாகாவிட்டால் பலகைக்குப் போய்விடலாம், தப்பில்லை" என்று பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும். திரும்பிப் போக வழி தெரிந்தவர்தான் தைரியமாக உள்ளே வருவார்.

---

தொடக்கநிலை_டீச்சர்

இன்னொரு பயம், விளம்பரம். யூடியூபில் பாடப் பாட்டு ஓடும்போது நடுவில் என்ன விளம்பரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. முப்பது பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை அசட்டுத்தனமாக ஏதாவது வந்தால் போதும், அந்த டீச்சர் அதற்கப்புறம் தொட மாட்டார். வீட்டுக்குப் போய்ப் பிள்ளை சொல்லிவிடும், மறுநாள் வாசலில் அப்பா நிற்பார்.

எனவே வகுப்பில் நேரலையாக ஓட்ட வேண்டாம். பாடநூலின் கியூஆர் குறியை முந்தின நாள் வீட்டிலேயே திக்ஷா செயலியில் (பாட வீடியோக்களுக்கான அரசுச் செயலி) ஸ்கேன் செய்து இறக்கிவிடுங்கள். குறி மங்கலாக அச்சாகி ஸ்கேன் ஆகவில்லை என்றால் அதற்குக் கீழே 6 எழுத்து-எண் இருக்கும், அதைத் தட்டினாலும் திறக்கும். இறக்கியதைப் பென்டிரைவிலோ போன் நினைவகத்திலோ வைத்து ஓட்டினால் நெட் வேண்டாம், விளம்பரம் வராது, சுழன்றுகொண்டே நிற்காது. மிக முக்கியம்: முழு வீடியோவும் போட வேண்டாம். தேவையான 2 நிமிடத்தின் தொடக்க நேரத்தைப் பாடக்குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எட்டு நிமிட வீடியோ ஓடினால் பின்வரிசை பேச ஆரம்பித்துவிடும்.

---

எல்லை_தாண்டி

அறிவியலுக்கு பிஹெட் உருவகங்களும் (சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் செயல்பாடுகள்) அப்படியே இறக்கி வைக்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது, இலவசம், சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. மின்சுற்றுப் பாடத்துக்கு மின்கலம், பல்பு, கம்பி இழுத்து விட்டால் எலக்ட்ரான் ஓடுவது தெரியும். நிஜக் கம்பியில் அது தெரியாது. நிஜப் பல்பு ஒன்றையும் பக்கத்தில் எரிய வையுங்கள். இல்லாவிட்டால் "அது கம்ப்யூட்டர் விளையாட்டு" என்று நினைத்துக்கொள்வார்கள்.

---

பழைய_சாக்பீஸ்

சரி, ஒரு நடைமுறைக் கேள்வி. பலகையும் பேனலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பேனல் தானாகவே எதையாவது அழுத்துகிறது. யாரும் தொடாமலே மெனு திறக்கிறது, பக்கம் புரள்கிறது. பேய் பிடித்த மாதிரி. இதற்கு என்ன?

---

மின்னிணைப்பு

சாக்பீஸ் தூள்தான், சார். உங்க பேரையே குற்றவாளியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பேனல்களின் சட்டத்துக்குள் நாலு பக்கமும் அகச்சிவப்பு விளக்குகளும் உணரிகளும் வரிசையாக இருக்கும். விரல் வைத்தால் ஒளி மறைகிறது, அந்த இடத்தை அது தொடுகை என்று எடுத்துக்கொள்கிறது. கீழ்ச்சட்டத்தின் விளிம்பில் சாக்பீஸ் தூள் படிந்தாலும், மூலையில் சிலந்தி வலை கட்டினாலும், பல்லி உட்கார்ந்தாலும் அதற்கு விரல்தான்.

அணைத்துவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் சட்டத்தின் உள்விளிம்பை நாலு பக்கமும் துடையுங்கள், கீழ்ப்பக்கம் இரண்டு தடவை. ஈரத்துணி வேண்டாம், தூள் குழைந்து ஒட்டிவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் படும். திங்கட்கிழமை காலை வாரம் ஒரு முறை போதும். பேனலை ஒட்டிய பலகையை உலர்ந்த டஸ்டரால் தட்டாதீர்கள், ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள்; அல்லது தூள் பறக்காத சாக்பீஸ் வாங்குங்கள்.

துடைத்தும் ஒரே இடத்தில் தொடுகை வந்துகொண்டிருந்தால் மேலிருந்து வெயில் நேராகச் சட்டத்தில் விழுகிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் உணரி போயிருக்கிறது, புகார் எழுதிவிடுங்கள்.

---

பழைய_சாக்பீஸ்

ஜன்னல் பக்கத்து மூலையில்தான் வருகிறது. 11 மணிக்கு மேல் வருவதில்லை.

---

மின்னிணைப்பு

அப்போ வெயில்தான். போர்த்தியிருக்கிற துணியை எடுத்து ஜன்னலில் கட்டுங்க சார்.